நான்கு சென்டில் ஓர் ஊற்று

"நான் ஆமாங்கிறேன்னு நீயும் ஆமான்னு அமுத்திருவியா தம்பி? ஒனக்குன்னு ஒரு புத்தி வேணாமா?"

"அக்கா, நீங்க சொல்றதத்தானுங்க நான் அமுத்தோணும். உங்க மனை, உங்க வாக்குமூலம். என்ர புத்தியப் போடறதுக்கு அதுல கட்டமே இல்லீங்க."

"இருக்கிற கட்டத்துல எல்லாம் என் தலைமேல மண்ண அள்ளிப் போட்டுட்டு, கட்டமில்லயாம் கட்டம்!"

"கத்தாத கருப்பம்மா," என்றார் வாசலில் நின்ற அவள் புருஷன் பரமசிவன். "ரோட்டுல போறவங்க நிக்கிறாங்க."

"நிக்கட்டும். வீடுதான் இல்லேன்னாச்சு. ரோட்டுலதான் இனிக் குடும்பம் நடத்தணும். இப்பவே பழகிக்கட்டும்."

ஜெகதளா பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே சசிதரன் நடத்தும் கம்ப்யூட்டர் சென்டர் எட்டுக்குப் பத்து அறை. அதற்குள் நடக்கும் சண்டையைப் பக்கத்து டீக்கடையில் உட்கார்ந்தபடியே வசதியாகக் கேட்கலாம். அன்றைக்குக் கேட்டார்கள். ரேஷன் கார்டில் பெயர் சேர்க்க வந்திருந்த இரண்டு பேர், வந்த வேலையை மறந்து நாற்காலியை இன்னும் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்கள். கருப்பம்மா எஸ்டேட்டில் முப்பத்தேழு வருடம் கொழுந்து பறித்தவள். எதிர் மலையில் நிற்பவளைக் கூப்பிட்டுப் பழகிய தொண்டை அது. சசிதரன் இரண்டு தோளுக்கும் நடுவே தலையை இழுத்துக்கொண்டு, தப்பு தன்னுடையதோ என்று தானே சந்தேகப்படத் தொடங்கியிருந்தான்.

தப்பு அவனுடையது இல்லை. அது கருப்பம்மாவுக்கும் தெரியும். தெரிந்ததால்தான் குரல் அவ்வளவு உயர்ந்தது.

நடந்தது இதுதான். சின்ன வீடு கட்டுகிறவர்கள் இனிமேல் ஒவ்வொரு ஆபீசாக ஏறி இறங்க வேண்டியதில்லை, மனைக்குச் சொந்தக்காரரே கேள்விகளுக்குப் பதில் சொல்லி, தானே சான்று கொடுத்துவிட்டால் போதும், அனுமதி உடனே கையில் வந்துவிடும் என்று புதிதாக ஒரு திட்டம் வந்தது. ஊரில் முதலில் யாரும் நம்பவில்லை. அப்புறம் மேல் தெருவில் ஒருவருக்கு டீ ஆறுவதற்குள் அனுமதி வந்தது. உடனே எல்லோரும் நம்பினார்கள். முன்பெல்லாம் ஒருவருக்கு அனுமதி இல்லை என்று சொல்வதற்கே மூன்று வருடம் எடுத்துக்கொள்வார்கள். கருப்பம்மாவுக்கு நான்கே நிமிடத்தில் சொல்லிவிட்டார்கள். சும்மா சொல்லக் கூடாது, எளிமையாகத்தான் ஆக்கியிருந்தார்கள். 

அவளுக்கோ அவசரம். தை மாதக் கடைசியோடு வேலையிலிருந்து ஓய்வு. அன்றைக்கு எஸ்டேட் லயத்தின் சாவியை ஆபீஸ் மேசைமேல் வைத்துவிட வேண்டும். லயம் என்று அவள்தான் சொல்வாள். மற்றவர்கள் லைன் வீடு என்பார்கள். இலங்கையில் அட்டன் பக்கம் ஒரு தோட்டத்து லயத்தில் பிறந்து, ஏழு வயதில் அப்பன் கையைப் பிடித்துக் கப்பலேறி, மண்டபம் முகாமில் கிடந்து, நீலகிரிக்கு வந்து இன்னொரு லயத்தில் நுழைந்தவள். ஐம்பத்தெட்டு வருடத்தில் இரண்டு பக்கமும் சுவரைப் பங்கு போடாத ஒரு வீட்டில் அவள் ஒரு ராத்திரிகூடத் தூங்கியதில்லை.

நான்கு சென்ட் வாங்கியிருந்தார்கள். இரண்டு அறை. முன்னறை மகள் வனிதாவுக்கும் அவளைக் கட்டிக்கொள்ளப்போகும் தினேஷ்குமாருக்கும், பின்னறை இவர்களுக்கு. தினேஷ்குமார் ஊட்டி காந்தலைச் சேர்ந்தவன், டூரிஸ்ட் வேன் ஓட்டுகிறான். அவன் வீட்டில் அம்மாவுக்கும் அவனுக்குமே ஒரே அறைதான். "வீட்டோட மாப்பிள்ளைன்னு சொன்னா எனக்கு வெக்கமில்லீங்க அத்த, முன்னால வண்டி நிறுத்த எடமிருந்தாச் சரி," என்று சிரித்திருந்தான். மகளைக் கட்டிக் கொடுத்த பின்னும் மகளோடு ஒரே கூரையில் இருக்கலாம் என்பது கருப்பம்மாவின் கணக்கு. அந்தக் கணக்கைத்தான் சசிதரனின் கம்ப்யூட்டர் பெட்டி சிவப்பு எழுத்தில் அடித்துப் போட்டிருந்தது.

அனுமதி இல்லாமலே கட்டிவிடலாமே என்று கேட்கலாம். கேட்டார்கள். ஒரு மழைக்கு நாலு வீடு சரிந்ததிலிருந்து அந்தக் காலம் மலையேறிவிட்டது. கரண்ட் இணைப்புக்கு அனுமதி எண் வேண்டும். கொத்தனார்கூட எண்ணைக் கேட்டுவிட்டுத்தான் கரண்டியைத் தொடுகிறார்.

அந்த நான்கு நிமிடத்துக்கு வருவோம். சசிதரன் கேள்விகளை ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டினான். எத்தனை மாடி? சரிவு எவ்வளவு? மரம் வெட்டுவீர்களா? எல்லாவற்றுக்கும் கருப்பம்மா அடக்கமாகத்தான் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். அதற்குள் தனபாக்கியம் உள்ளே வந்து உட்கார்ந்தாள்.

தனபாக்கியம் யார் என்று சொல்லிவிட வேண்டும். கருப்பம்மாவின் மனைக்கு நேர் மேலே, தடுப்புச் சுவருக்கு அந்தப் பக்கம் மாடி வீடு அவளுடையது. கணவர் கந்தப்பன் அருவங்காட்டு வெடிமருந்து ஃபேக்டரியில் ஃபோர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். கீழே அவர்கள் குடியிருப்பு, மேல் மாடியில் டூரிஸ்டுகளுக்கு வாடகை அறைகள். இரண்டு வருடத்துக்கு முன் இவர்கள் மனையை அளந்த அன்று தனபாக்கியம் மாடியில் நின்றுகொண்டு, "தண்ணி இல்லாத சரிவ வாங்கிப் போட்டு என்ன, ஆடு மேய்க்கப் போறாளாமா?" என்று கேட்டிருந்தாள். அந்தச் சொல் சாயங்காலம் ஃபேக்டரிச் சங்கு ஊதுவதற்கு முன் கருப்பம்மாவின் காதுக்கு வந்து சேர்ந்தது. எப்படி என்று கேட்காதீர்கள். ஜெகதளாவில் அதற்கு எந்த அனுமதியும் தேவையில்லை.

ஆனால் மூன்றே மாதத்தில் சுவரோரம் மண்ணில் ஈரம் கசிந்தது. கருப்பம்மா கையாலேயே ஒரு குழி பறித்தாள். மறுநாள் காலையில் முழங்கால் ஆழத்துக்குக் கண்ணாடியாகத் தண்ணீர். சித்திரையிலும் வற்றவில்லை. சுற்றிலும் கல் அடுக்கி, மஞ்சள் பூசி, வெள்ளிக்கிழமைதோறும் நாலு பூப் போடுவாள். முப்பது குடும்பத்துக்கு ஒரு குழாய் என்று லயத்தில் குடத்தோடு சண்டை போட்டே வயதானவளுக்கு, தண்ணீர் தானே தேடி வந்தது சாமி கொடுத்த சான்றாகப் பட்டது. எஸ்டேட்டில் யார் எந்த வீட்டுக்கு மாறினாலும் முதல் கேள்வி தண்ணீர்தான். தண்ணீர் இல்லாத இடத்துக்கு வீடு கட்ட அனுமதியே தர மாட்டார்கள் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை.

ஆக, தனபாக்கியம் தன் ஆதாரில் பிறந்த வருடத்தைத் திருத்த வந்து உட்கார்ந்த நேரம் பார்த்து, சசிதரன் படித்தான்: "மனையில ஊற்று, ஓடை, நீர்நிலை ஏதாச்சும் இருக்குதுங்களா?"

கருப்பம்மா அவனைப் பார்க்கவில்லை. தனபாக்கியத்தைப் பார்த்தாள். "இருக்குன்னு போடு தம்பி. நல்லாப் போடு. வருசம் பூரா வத்தாத ஊத்து. சில பேரு தண்ணியில்லேன்னு சொன்னாங்க. அவங்க கண்ணு படும்படியாப் போடு."

"நெசமாப் போட்டறட்டுங்களா அக்கா?"

"நான் என்ன பொய்யா சொல்றேன்?"

போட்டுவிட்டான். நீர்நிலை உள்ள மனையில் கட்டிடம் கட்டக் கூடாது என்று பெட்டி சொல்லிவிட்டது. மனையின் சர்வே எண்ணும் பூட்டிக்கொண்டது; புது விண்ணப்பம் போட்டாலும் எடுக்காது. தனபாக்கியம் வாயைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டாள். சிரித்தாளா, பதறினாளா என்று பார்த்தவர்களுக்குள் இன்றுவரை அபிப்பிராய பேதம் உண்டு.

சண்டை அதற்கு நான்கு நாள் கழித்து. மறுபடி முயன்று பார்த்து மறுபடியும் சிவப்பு எழுத்து வந்தபோது.

கருப்பம்மா குன்னூருக்குப் போய் ஆபீசில் நின்றாள். ஆபீஸ் அவளுக்குப் புதிதில்லை. அப்பனின் பாஸ்போர்ட், முகாமில் கொடுத்த குடும்ப அட்டை, வேலை நம்பர் தகடு, பட்டா எல்லாம் ஒரு மஞ்சள் பைக்குள் எப்போதும் தயாராக இருக்கும். அங்கிருந்த அதிகாரி அம்மா நல்ல மாதிரி. உட்காரச் சொன்னாள். பையைப் பிரிக்கப் போனவளைக் கை காட்டி நிறுத்தினாள்.

"இதெல்லாம் வேண்டாம்மா. இது நீங்களே சான்று கொடுக்கிற திட்டம்."

"ஒருக்கா வந்து பாத்துட்டுப் போங்க தாயி. சின்னக் குழிதான். மூடச் சொன்னா மூடிர்றேன்."

"வந்து பார்க்கிற வேலையே இப்போ இல்லம்மா. அதுக்குத்தானே சுலபமாக்கினது. ஃபைல் என் மேசைக்கு வந்தாத்தானே நான் ஏதாவது எழுத முடியும்? கம்ப்யூட்டர்ல இருக்கு."

"கம்ப்யூட்டருகிட்ட நான் எப்பிடிக் கெஞ்சறது?"

அந்த அம்மா பேனாவை எடுத்தாள். மேல்முறையீடு என்று ஒன்று இருக்கிறது, அந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று நிரூபிக்க வேண்டும், பக்கத்து இடத்திலிருந்து வந்தால் அவர்கள் வரைபடத்தோடு எழுதித் தர வேண்டும் என்று ஒரு துண்டுச் சீட்டில் குறித்துக் கொடுத்தாள். ஒரு காகிதம்கூட வேண்டாம் என்று சொன்ன ஆபீசைக் கருப்பம்மா அன்றுதான் முதல் தடவையாகப் பார்த்தாள். பஸ்ஸில் திரும்பும்போது அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது. காகிதம் கேட்கிறவன் என்றைக்காவது ஒருநாள் அதை வாங்கிக்கொள்வான்.

தீபாவளிக்கு முந்தின வெள்ளிக்கிழமை பூவோடு குழிக்குப் போனாள். குனிந்தவளுக்கு மூக்கில் ஏறியது. பிளீச்சிங் பவுடர். கையில் அள்ளி மோந்து பார்த்தாள். சந்தேகமில்லை. மேலே கந்தப்பன் வீட்டில் லீவுக்கு வரும் டூரிஸ்டுகளுக்காகத் தரைத்தொட்டியைக் கழுவிக்கொண்டிருந்த சத்தம் கேட்டது.

கூட வந்த வனிதா சிரித்துவிட்டாள். "யம்மா, ஒன் சாமி மேல் வீட்டுத் தொட்டி ஒழுக்கு!" சிரித்த வாய் அம்மா முகத்தைப் பார்த்ததும் மூடிக்கொண்டது.

பரமசிவன் கல்லின்மேல் உட்கார்ந்திருந்தார். கொத்தனார்களோடு சிமெண்டு குழைத்துப் பிழைப்பவர். "எனக்கு அப்பவே தெரியும்," என்றார்.

"எப்ப?"

"நீ தோண்டுன வாரமே. தொட்டிக்கு நேர் கீழதான் கசியுது."

"பாவி மனுசா, வாயத் தொறந்து ஒரு வார்த்தை சொல்றதுக்கு என்ன?"

"நீ பூப் போட்டுக்கிட்டு இருந்த." அவர் தரையைப் பார்த்தார். "எப்பிடிச் சொல்றது?"

அவள் அவரைத் திட்டவில்லை. பூவைக் குழியில் போடவும் இல்லை, தலையிலும் வைத்துக்கொள்ளவில்லை. கையிலேயே வைத்துக்கொண்டு லயம்வரை நடந்தாள்.

மறுநாள் மேல் வீட்டுப் படியேறினாள். ஜெகதளாவில் அதைவிட உயரமான படி வேறு இல்லை என்று அவளுக்கு அன்று தோன்றியிருக்க வேண்டும். பாதியில் இரண்டு தரம் நின்றாள். தனபாக்கியம் ஈரத் துணி உதறிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, ஒரு விசயம். எங்க ஊத்து ஊத்து இல்ல. ஒங்க தொட்டித் தண்ணி."

தனபாக்கியத்துக்கு விளங்கச் சிறிது நேரம் பிடித்தது. விளங்கியதும் துணியைக் கொடியிலேயே விட்டுவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "ஏம்புள்ள கருப்பம்மா! ரெண்டு வருசமா என்ர தொட்டித் தண்ணிக்கா பூவும் பொட்டும் வெச்ச? ஒரு வார்த்த சொல்லியிருந்தா நானும் வந்து ஒரு கும்புடு போட்டிருப்பனே!"

கருப்பம்மா நின்றுகொண்டிருந்தாள். சிரிப்பு முடியட்டும் என்று காத்திருப்பவள் போல. அது தனபாக்கியத்தையே என்னவோ செய்தது. சிரிப்பு குறைந்து இருமலாகி நின்றது.

"இப்ப என்ன செய்யோணுங்கற?"

"தண்ணி ஒங்க வீட்டுதுன்னு அண்ணன் ஒரு கடுதாசி எழுதிக் குடுத்தா மேல்முறையீட்டுல வெச்சிரலாமாம். வேற ஒண்ணுமே கேக்கல. வேற எனக்கு ஏலாது அக்கா."

"இதென்ன பிரமாதம். ஏனுங்க, இங்க வாங்க. ஒரு கடுதாசி எழுதிக் குடுங்க." தனபாக்கியத்துக்கு நாக்குதான் முள், மற்றபடி பொல்லாதவள் இல்லை.

கந்தப்பன் பேப்பரை மடித்து வைத்தார். ஆபீசில் கொடுத்த சீட்டைக் கருப்பம்மாவிடம் வாங்கி இரண்டு தரம் படித்தார். முப்பது வருடம் வெடிமருந்துப் பக்கத்தில் வேலை பார்த்தவர், எதையும் தொடுமுன் சுற்றிலும் பார்ப்பார். "கடுதாசி குடுக்கறதப் பத்தி இல்லம்மா. தொட்டி எங்க இருக்குதுன்னு வரைபடம் வெக்கோணும்னு போட்டிருக்குது பாரு. தொட்டியக் காட்டுனா ஊட்டக் காட்டோணும். ஊட்டக் காட்டுனா..." என்று நிறுத்தி, மேல் மாடியை ஒரு பார்வை பார்த்தார். 

மேல் மாடி எந்த வரைபடத்திலும் இல்லை. பதினோரு வருடமாக ஊருக்கே தெரிந்த ரகசியம் அது.

"நமக்கெதுக்கு வம்பு? ஒண்ணு பண்ணலாம். ஒழுக்க அடச்சுப்போடலாம். தண்ணி நின்னா ஊத்தும் இல்ல, ஒண்ணும் இல்ல. பரமசிவன வரச்சொல்லு. அவனே பூசிக் குடுக்கட்டும், கூலி குடுத்துப்போடறேன்."

கருப்பம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. நன்றியில்தான். கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு வந்தாள். பரமசிவன் இரண்டு நாள் தொட்டிக்குள் இறங்கி, விரிசலைக் கொத்தி எடுத்து, சுத்தமாகப் பூசினார். அவர் கையால் செய்த வேலையில் குறை சொல்ல முடியாது. பத்தாம் நாள் குழியில் ஈரம்கூட இல்லை. 

போன் கேமராவில் காய்ந்த குழியைப் படம் பிடித்துக்கொண்டு வனிதாவையும் சேர்த்து மூன்று பேரும் சசிதரனிடம் போனார்கள். அவனும் உற்சாகமாக, "முடிஞ்சுதுங்க அக்கா, பதிலத் திருத்தறதுக்கு ஒரு பக்கம் இருக்குதுங்க," என்று திறந்தான். திறந்தவன் படித்துக்கொண்டே போனான். குரல் இறங்கிக்கொண்டே வந்தது.

"முன்னாடி குடுத்த சான்ற எதுக்காக மாத்தறீங்கன்னு கேக்குதுங்க. ரெண்டு வட்டம் இருக்குது. ஒண்ணு, 'நான் முன்பு அளித்த சான்று பொய்யானது'. ரெண்டாவது, 'மனையில் இருந்த நீர்நிலை மூடப்பட்டுவிட்டது'."

"மொதலாவத அமுத்துனா?"

"பொய்ச் சான்றுங்க. மூணு வருசத்துக்கு விண்ணப்பிக்க முடியாது. கேசும் வரலாம்னு போட்டிருக்குது."

"ரெண்டாவது?"

"நீர்நிலைய அழிச்சதா ஆகும். அது இதவிட மோசங்க."

"மேல் வீட்டுத் தொட்டி ஒழுகுச்சு, அடச்சிட்டோம். இதுக்கு வட்டம் எங்க?" என்று வனிதா கேட்டாள்.

"இல்லியே வனிதா."

மேல்முறையீட்டுக்கு நிரூபிக்கலாம் என்றால், நிரூபிக்க இருந்த ஒரே ஒழுக்கைப் பரமசிவனே கூலிக்கு அடைத்திருந்தார். அவர் தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார். விரல் இடுக்கில் சிமெண்டு இன்னும் போகவில்லை.

சசிதரன் மௌஸில் கை வைத்தபடி கேட்டான்: "ரெண்டுல எதுங்க அக்கா?"

டீக்கடையில் காதைத் தீட்டிக்கொண்டார்கள். எல்லோரும் அந்தத் தொண்டையை எதிர்பார்த்தார்கள். கருப்பம்மா திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். படிக்கத் தெரியாதவள். ஆனால் அந்த இரண்டு வரியையும் ஒவ்வோர் எழுத்தாகப் பார்த்தாள். பக்கத்தில் இருப்பவருக்குக்கூடக் கேட்காத குரலில் சொன்னாள்:

"ஒண்ணையும் அமுத்தாத தம்பி."

கார்த்திகையில் இரண்டு தரம் குன்னூர் ஆபீசுக்குப் போய்ப் பார்த்தாள். அந்த அதிகாரி அம்மா மாற்றலாகிப் போயிருந்தாள். புதிதாக வந்தவர், "ஆன்லைன்ல பாருங்க" என்றார். மார்கழிப் பனியில் மேல் தெருவில் இன்னும் இரண்டு பேருக்கு அனுமதி வந்து, அஸ்திவாரம் தோண்டினார்கள். தை கடைசி நாள் கருப்பம்மா லயத்தைக் கூட்டிப் பெருக்கி, அடுப்பை மெழுகி, சாவியை ஆபீஸ் மேசைமேல் வைத்தாள். கணக்குப்பிள்ளை மாலை போட்டார், ஃபோட்டோ எடுத்தார்கள். அந்த ஃபோட்டோவில் அவள் சிரிக்கிறாள் என்று சிலர் சொல்கிறார்கள். வெயில் கண்ணில் அடித்தால் எவர் முகமும் அப்படித்தான் இருக்கும்.

சாமான்கள் பிக்கப் வண்டியில் ஏறும்போது தனபாக்கியம் ரோட்டுவரை இறங்கி வந்தாள். "ஏம்புள்ள, ஒரு மாசம் மேல் ரூம்ல வேணா..." என்று ஆரம்பித்தாள். பின்னால் கந்தப்பன் தொண்டையைச் செருமினார். சீசன் முன்பதிவு எல்லாம் ஆகியிருந்தது. "இருக்கட்டும் அக்கா," என்றாள் கருப்பம்மா. "நீங்க கேட்டதே போதும்." அதில் குத்தல் இருந்ததா என்று தனபாக்கியம் அன்று முழுக்க யோசித்தாள். இல்லை என்பதுதான் அவளை அதிகம் வருத்தியது.

அதன் பிறகு நடந்தவை இவ்வளவுதான். கருப்பம்மாவும் பரமசிவனும் திருப்பூருக்குப் போய்விட்டார்கள். அவள் தம்பி வெள்ளியங்கிரி அங்கே பனியன் கம்பெனியில் இருக்கிறான்; அவன் வீட்டுக் கூடத்தில் ஒரு ஓரம். பரமசிவன் அதே கம்பெனியில் வாட்ச்மேன். நான்கு சென்டைக் கந்தப்பன்தான் வாங்கிக்கொண்டார். சமப்படுத்தி, ஜல்லி கொட்டி, டூரிஸ்டுகள் கார் நிறுத்த விட்டிருக்கிறார். அதற்கு அனுமதி வேண்டுமா என்று யாரும் கேட்கவில்லை, அவரும் கேட்கவில்லை. சசிதரன் சேரங்கோட்டுப் பெண் எல்சாவைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டு கடையைக் குன்னூருக்கு மாற்றிவிட்டான். அதில் இரண்டு வீட்டிலும் நடந்த ரகளை தனிக் கதை.

வனிதாவுக்கு வைகாசியில் காந்தல் கோயிலில் கல்யாணம் நடந்தது. தினேஷ்குமார் பேச்சு மாறவில்லை, கட்டிக்கொண்டான். மாமியாரோடு அந்த ஒரே அறைதான். நடுவில் ஒரு சேலையைக் கட்டிப் பிரித்திருக்கிறார்கள். தாலி ஏறியதும் கருப்பம்மா சாப்பிட்டுவிட்டு மூன்று மணி பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டாள். தங்க இடம் ஏது?

இப்போது வனிதாவுக்கு ஏழு மாதம். முதல் பிரசவம், அம்மா வீட்டுக்குத்தான் அனுப்ப வேண்டும் என்று மாமியார் முறைப்படி சொல்லிப் பார்த்தாள். எந்த வீட்டுக்கு என்று வனிதா திருப்பிக் கேட்டாளாம். ஊட்டி ஆஸ்பத்திரியிலேயே பார்த்துக்கொள்வதென்று முடிவாகியிருக்கிறது. கருப்பம்மா வாரத்துக்கு ஒருதரம் திருப்பூரிலிருந்து முதல் பஸ்ஸில் வந்து, மகள் தலையைச் சீவிப் பின்னிவிட்டு, பொழுது சாய்வதற்குள் மலை இறங்கிவிடுகிறாள்.